வாயே திறக்காது

மேனேஜர் நகத்தைக் கடித்துக்கொண்டே என் நாற்காலியில் உட்கார்ந்தார். கடித்த துணுக்கை என் கீபோர்டின் மேலேயே துப்பினார்.

நான் பக்கத்தில் நின்றேன்.

ஆபீஸ் கேமராக்களின் பதிவுகள் எல்லாம் நான் பார்த்துக்கொள்ளும் சர்வரில்தான் இருக்கின்றன. அதில் மாடிப்படிப் பதிவு மொத்தத்தையும் இப்போதே அழித்தாக வேண்டும் அவருக்கு.

ரிசப்ஷன் பெண் புகார் கொடுத்துவிட்டாள். மத்தியானம் விசாரணை. படியில் அவள் கையைப் பிடித்து இழுத்தவர் யார் என்று அந்தப் பதிவு சொல்லிவிடும்.

மவுஸால் அழித்தால் யாராவது மீட்டுவிடுவார்கள் என்று பயம். அதனால் கறுப்புத் திரையில் கட்டளை அடித்து அழிக்க வந்திருந்தார். என்னைத் தொட விடவில்லை. இந்த வேலையில் பழம் தின்று கொட்டை போட்டவராம்.

“ஏம்மா, ஒவ்வொரு ஃபைலுக்கும் அழிக்கட்டுமா, அழிக்கட்டுமான்னு கேட்டு உயிரை வாங்குமே?”

“கூட ஒரு எஃப் போட்டுடுங்க சார். வாயே திறக்காது.”

“உன்னை மாதிரி,” என்று சிரித்தார். என் தோளைத் தட்டினார். தட்டிய கை அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது. சே, என்ன ஜென்மம்.

ஃபைல் ஜன்னலைத் திறந்தார். மேலே இருந்த ஃபோல்டர் முகவரியைக் காப்பி செய்தார். கறுப்புத் திரையில் அழிக்கும் கட்டளையை எஃப்போடு அடித்தார். அதன் பின்னால் முகவரியை அப்படியே ஒட்டி, என்டரைத் தட்டினார்.

திரை ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வரியில் கர்சர் மட்டும் துடித்தது.

“போச்சா?”

“ஒரு எர்ரரும் வரலை சார்.”

விசிலடித்துக்கொண்டே போனார். நான் கீபோர்டைத் துடைத்தேன். தோளையும் துடைத்துக்கொண்டேன்.

ஜன்னலில் இருக்கும் முகவரியில் கோடுகள் இடப்பக்கம் சாய்ந்திருக்கும். சர்வருக்கோ வலப்பக்கம் சாய்ந்த கோடுதான் வழி. இடப்பக்கக் கோட்டை விழுங்கிவிட்டு, பெயர்களை எல்லாம் ஒன்றாக ஒட்டிவிடும். கொட்டை போட்டவருக்கு இது தெரியவில்லை. எங்குமே இல்லாத ஒரு ஃபோல்டரை அழித்துவிட்டுப் போயிருக்கிறார்.

எஃப் மட்டும் போடாமல் இருந்திருந்தால், அப்படி எதுவும் இங்கே இல்லை என்று திரை அவரிடம் சொல்லியிருக்கும். அதனால்தான் போடச் சொன்னேன்.

கோடுகளைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். எல்லாம் பத்திரமாக இருந்தது. பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு எழுந்தேன்.

விசாரணைக்குக் கூப்பிட்டிருப்பது ரிசப்ஷன் பெண்ணை மட்டும்தான். அவளிடம் இருப்பதும் ஒரு நாள் கதைதான்.

பென் டிரைவில் இன்னொரு நாளும் இருக்கிறது. போன மாதத்துப் பதிவு. அதில் படியேறி வருவது நான்.