நகக்கண் மண்

சுரங்கம் தோண்டிப் பாழான நிலங்களை மீட்கும் நிபுணர்கள் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம். குழுவுக்கு ஒரு மேசை. அஞ்சலாட்சி தன் நிலத்து மண்ணைப் பையில் கொண்டுவந்திருந்தாள்.

"இதுல மறுபடி நெல்லு வெளையுமா சார்?"

மண் குழு ஒரு பிடி எடுத்துக்கொண்டு நீர்க் குழுவைக் கைகாட்டியது. அவர்களும் ஒரு பிடி எடுத்துக்கொண்டு தாவரக் குழுவிடம் அனுப்பினார்கள். நுண்ணுயிர்க் குழுவுக்கு வந்தபோது பை காலி. திரும்பிப் பார்த்தாள். மூன்று மேசைகளிலும் மண்ணில் ஏதோ கரைசல் ஊற்றியிருந்தார்கள். ஒன்று வெளுத்திருந்தது, ஒன்று சிவந்திருந்தது, இன்னொன்று கன்னங்கரேலென்று இருந்தது.

"இதுல எதுங்க எங்க மண்ணு?"

"அத அவங்கதான் சொல்லணும். எங்களுக்கும் கொஞ்சம் மண்ணு வேணும்மா" என்றார் நுண்ணுயிர்க் குழுக்காரர்.

ஒன்றும் புரியாமல் விரல்களைப் பார்த்தாள். நகக்கண்ணில் துளி மண் ஒட்டியிருந்தது. நீட்டினாள். அவர் கையுறையை மாட்டிக்கொண்டு அவள் விரலைப் பிடித்தார்.