சிவப்பு வராத படம்

கட்டற்ற மென்பொருளைப் பற்றி ஊர் ஊராகப் பேசும் பேராசிரியர் சிதம்பரநாதன், லினக்ஸ் என்ற அந்த வகை மென்பொருளில் ஓடும் தம் கணினிக்குப் பொருந்தும் பிரிண்டரை ஒரு வருடம் ஜாதகம் பார்த்துத்தான் வாங்கினார். இதுவரை அதில் அச்சானதெல்லாம் அவருடைய சொற்பொழிவுகள், கறுப்பில். இன்று மனைவி பூங்கோதையின் படம். நாளை அவளுக்குக் கருமாதி.

“ஸ்டூடியோல குடுத்தா அஞ்சு நிமிஷம், அத்தான்,” என்றாள் பூங்கோதையின் தங்கை சுகந்தி.

“அங்க இருக்கறதெல்லாம் அடிமை மென்பொருள்மா. உங்க அக்கா நம்ம வீட்டுலயே சுதந்திரமா வரட்டும்.”

படம் வந்தது. லினக்ஸில் அந்தப் பிரிண்டருக்குச் சிவப்பு மட்டும் வரவில்லை. முகம் மஞ்சள் பாரித்துக் கிடந்தது. நெற்றியில் பொட்டு இருந்த சுவடே இல்லை.

சுகந்தி படத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். “நீங்க உயிரோடதான அத்தான் இருக்கீங்க?”

பேராசிரியர் பூங்கோதையின் குங்குமச் சிமிழை எடுத்துவந்தார். விரலில் தொட்டுக் காகிதத்துக்கு அருகே கொண்டுபோனார். விரல் அப்படியே நின்றுவிட்டது. பிரிண்டரின் குணங்களைக் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பவருக்கு, அவள் பொட்டு வைப்பது புருவங்களுக்கு நடுவிலா, சற்று மேலேயா என்று தெரியவில்லை. பார்த்துக்கொள்ளலாமென்று, படம் இருந்த கணினித் திரையின் பக்கம் மெல்லத் திரும்பினார். அது இருண்டிருந்தது. அவர் எதைத் தேடுகிறார் என்று சுகந்திக்குப் புரிந்துவிட்டது.