தலை முழுகினாள்

"'சண்டை போட்ட மறுநாள், விடிந்ததும் அவள் ஆற்றில் இறங்கித் தலை முழுகினாள்.' அவ்வளவுதான், கதை முடிஞ்சுது," என்று பழைய கதைப் புத்தகத்தை மூடினான் கணவன்.

வெளியே தூறல். பெஞ்சில் பக்கத்தில் இருந்த மனைவி, பாதிக் கனவில் இருப்பவள்போல ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ புருஷனை விட்டுட்டா," என்றாள்.

"அட, குளிச்சிருக்கா! 'அவனைத் தலை முழுகினாள்'னு இருந்தாத்தான் விட்டுட்டதா அர்த்தம். இதுல 'அவனை'யே இல்லையே!"

"குளிச்சதையா வேலை மெனக்கெட்டுக் கதையா எழுதுவாங்க?"

"குளிச்சிட்டு நேரா வீட்டுக்குத்தான் போயிருப்பா."

"உங்க ஆசை அப்படி."

கதவு திறந்தது. கோர்ட் சிப்பந்தி எட்டிப் பார்த்தார்.

"விவாகரத்து கேஸ்... ரெண்டு பேரும் உள்ள வாங்க. ஜட்ஜ் கூப்பிடறார்."

அவன் எழுந்திருக்கவில்லை. அவள் கூந்தல் நுனியில் நீர் கோத்து நின்றது.

"தலை ஈரமா இருக்கே... மழையில நனைஞ்சியா?"

"இல்ல. தலை முழுகிட்டுத்தான் வந்தேன்."

அவன் முகம் தொங்கிப்போனது. அவள் மெல்லப் புத்தகத்தை வாங்கித் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"எதுக்கு இப்படி முழிக்கறீங்க? 'உங்களை'ன்னு சொன்னேனா?"