பனிமலைக்கு எத்தனை பேர்

பனிச்சறுக்குப் போகப் பதிவுசெய்தால் ஒவ்வொருவர் பாத அளவையும் சென்டிமீட்டரில் கேட்பார்கள், கண்ணுகளா. அதனால் திருமலையப்பன் தன் மனைவி பூங்கோதையைச் செய்தித்தாள்மேல் நிற்கவைத்து, பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு இழுத்தார்.

"கூசுதுங்க," என்று அவள் சிரித்தாள். "கட்டிக்கிட்டு முப்பது வருசத்துல இப்பதான் என் காலைப் பிடிக்கிறீங்க."

"ஆடாம நில்லு. பூட்ஸ் கழண்டு உருண்டேன்னா நான் தூக்க மாட்டேன்."

அளவை எழுதிக்கொண்டு, தரையில் உட்கார்ந்தபடியே மலை விடுதிக்குப் போன் செய்தார். எடுத்தவர் தமிழர்தான்.

"உங்க அளவு மட்டும் போதும் சார். அம்மா நேத்தே வந்து பூட்ஸ் போட்டுப் பாத்துட்டாங்களே. இருங்க, பேசச் சொல்றேன்."

உடனே போனில் பூங்கோதையின் குரல் வந்தது. குளிரில் அவளுக்குப் பல் தந்தியடித்தது.

"என்னங்க, சீக்கிரம் வந்து என்னைக் கூட்டிட்டுப் போங்க. அவளை மட்டும் கூட்டிட்டு வந்திராதீங்க. அவ இங்க கால் வச்சா நான் வீடு திரும்ப முடியாது."

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்தப் பாதம் தாளைவிட்டு நகரவும் இல்லை.

விடுதிக்காரர் மறுபடி பேசினார். "ஒருத்தருக்குப் போடவா சார், ரெண்டு பேருக்கா?"

அவர் வாயைத் திறக்குமுன் தலைக்குமேலிருந்து குரல் வந்தது, அவ்வளவு பிரியமாக:

"ரெண்டுன்னு சொல்லுங்க."