மாமனாரின் குவளை

"ஆப்பசோடாவை ஈரத்துணியில தொட்டுத் தேய்ச்சா எந்த டீக்கறையும் போயிடும் அத்தை. அதையும் கொடுங்க."

கல்யாணமாகித் தைவானின் தைனான் நகரத்தில் இருந்த மாமியார் வீட்டுக்கு வந்த முதல் வாரமே கோப்பைகளையெல்லாம் வெளுக்கத் தேய்த்துவிட்டாள் பெய்ஷுவான். மிச்சமிருந்தது மாமனாரின் மூடி போட்ட மண் குவளை. உள்ளே தார் பூசினாற்போல் கறை.

"அதை மட்டும் தொடாதே" என்று அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள் மாமியார், தரையில் ஒரு முடி கிடந்தாலே பொறுக்காதவள்.

புருஷன்மேல் இவ்வளவு பயமா என்று நினைத்துக்கொண்டாள் பெய்ஷுவான்.

மறுநாள் காலை மாமியார் அதே குவளையில் டீ குடித்துக்கொண்டிருந்தாள், முகத்தைச் சுளித்தபடி.

"உங்களுக்குத்தான் டீயே ஆகாதே அத்தை?"

"கசக்குது, சனியன். நெஞ்சுவலி வந்ததுலேர்ந்து மாமா டீயைத் தொடக் கூடாதுன்னுட்டார் டாக்டர். அவர் இதுல குடிக்கிறது வெறும் வெந்நீர். கறை இருந்தாத்தானே அதுல கொஞ்சம் டீ வாசம் வரும்? அது போயிடாம இருக்கத் தினமும் நான் இதுல டீ ஊறப்போடுறேன். நல்ல டீ, கொட்டவும் மனசு வரலை."

பெய்ஷுவான் தான் தேய்த்து வெளுத்த கோப்பை ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"பாதியை இதுல ஊத்துங்க."