ஏறாத பில்

“கேஸ் வாடை அடிக்குதுங்க. அஞ்சு நாளா புகார் போடறேன். ‘பதிவாகிவிட்டது’ன்னு மெசேஜ்தான் வருது, ஆள் வரலை. உங்க கம்பெனிதானே, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?” என்றாள் மனைவி, போனில்.

“நான் கம்ப்யூட்டர்ல டிஸ்க் பார்க்கிறவன். சிபாரிசுன்னு போய் நின்னா நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க. வரிசைப்படி வருவாங்க. ஜன்னலைத் திறந்துவெச்சுட்டு சமை.”

அவர் போனை வைத்ததும் மேனேஜர் வந்து முதுகில் தட்டினார். கேஸ் புகார்களைச் சேர்த்துவைத்துத் தேடித் தரும், வாடகைக்கு எடுத்த கிளவுட் சர்வருக்கு மாதாமாதம் பில் எகிறிக்கொண்டிருந்தது. இடம் நிரம்பினால் டிஸ்க் தானாகப் பெரிதாகும் வசதியை இரண்டு வாரத்துக்கு முன்புதான், மேனேஜர் சொல்லி, அவர் நிறுத்தியிருந்தார்.

“கலக்கிட்டீங்க! பில் அசையவே இல்லை. ஒரே கல்லுல ரெண்டு மாங்கா, புகாரும் நின்னுபோச்சு. அஞ்சு நாளா ஒண்ணுகூட இல்லை!”

சிரிக்க வாய் திறந்தவர் அப்படியே நின்றார். ஒண்ணுகூட இல்லையா?

தன் வீட்டு முகவரியைத் தட்டித் தேடினார். எதுவுமே வரவில்லை. டிஸ்க் நிலவரத்தைத் திறந்தார். ஐந்து நாளாக நிரம்பிச் சிவந்து கிடந்தது. இடமில்லாவிட்டால் அந்த சர்வர் பழையதைத் தேட விடும். புதிதாக ஒரு வரி எழுத விடாது. மெசேஜ் மட்டும் ஊருக்கெல்லாம் தவறாமல் போய்க்கொண்டிருந்தது.

வீட்டுக்குப் போன் போட்டார். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டார். இந்த முறை மணியே அடிக்கவில்லை.

எதிர்ச் சுவரில் பெரிய எழுத்தில் ஒளிர்ந்தது: ‘இன்றைய புகார்கள்: 0’.