பேட்டன்ட் வாங்கிட்டாருங்க!

"ஏனுங்க மோகன்ராஜ், ஓசியில குடுத்துப் பழக்கிவிட்டுட்டு, இப்பக் கழுத்துல கத்தி வெக்கிறீங்களா?"

மோகன்ராஜின் நல்லூர் ஆபீசுக்குள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நுழைந்தாள் சித்ரகலா. அருள்புரத்தில் சின்னதாக ஒரு பனியன் கம்பெனி நடத்துகிறவள். சும்மா இருப்பாளா?

மோகன்ராஜ் சாஃப்ட்வேர்க்காரர். செக்கிங் மிஷினில் துணி ஓடுவதை, ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டு பையர் அங்கிருந்தபடியே வீடியோவில் பார்ப்பார். சுமாரான நெட்டிலும் பொட்டு ஓட்டை தெரிகிற மாதிரி வீடியோவைச் சுருக்கி அனுப்ப ஒரு வழி கண்டுபிடித்தவர் இவர்தான். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று இலவசமாகவே விட்டிருந்தார். சித்ரகலாவின் ஆர்டரெல்லாம் அதை நம்பித்தான் ஓடுகிறது.

அதற்குப் போய் அமெரிக்காவில் பேட்டன்ட் வாங்கிவிட்டார் என்று காலையில் சேதி.

"ஆமாங்க, வாங்கிட்டேன்" என்றார் மோகன்ராஜ், கொஞ்சம்கூடக் கூச்சமில்லாமல்.

"மத்தியானம் பையர் துணி பாக்கறாரு. இனி அதுக்கும் உங்ககிட்ட லைசென்ஸ் வாங்கோணுமா? பெரிய கம்பெனிக்காரன் பேட்டன்ட்டைக் காட்டி மிரட்டறான்னு மேடையேறித் திட்டுனதே நீங்கதானுங்க! ஊருக்குத்தான் உபதேசமா?"

அவர் வாயைத் திறப்பதற்குள் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், ஒரு வெளிநாட்டு வீடியோ கம்பெனி சார்பா பேசறேன். உங்க பேட்டன்ட்டை எங்களுக்கு மட்டும் எழுதிக் குடுத்துடுங்க. விலையை நீங்களே சொல்லுங்க."

சித்ரகலா தலையில் கை வைத்துக்கொண்டாள். போச்சு, தொழிலே போச்சு!

"விக்கறதுக்கில்லீங்க. எல்லாரையும் மாதிரி நீங்களும் சும்மாவே எடுத்துக்கலாம். ஆனா, இதை வெச்சு இலவசமா வீடியோ ஓட்டறவங்க மேல கேஸ் கீஸ் போட்டீங்கன்னா, அன்னிக்கே உங்க உரிமை போயிருமுங்க."

போனை வைத்துவிட்டார். கொண்டு வந்த கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை சித்ரகலாவுக்கு. அட, என்ன மனுசன் இவர்!

"சும்மாதான் குடுக்கறீங்கன்னா, அப்புறம் எதுக்குங்க பேட்டன்ட்டு?"

மோகன்ராஜ் சிரித்தார்.

"தோட்டங்காட்டுக்குப் போற தடத்தைப் பொதுன்னு அப்படியே விட்டா, எவனாச்சும் வேலி போட்டுட்டு நம்மகிட்டயே வழிக்காசு கேப்பானுங்க. பட்டா எம்பேர்ல இருந்தாத்தானே, எல்லாரும் நடக்க முடியும்?"